அக்கான் மக்களின் பிரியாவிடை ஆடை

மேற்கு ஆபிரிக்காவிலே, இன்றைய கானா நாட்டின் தென்பாதியிலும், அதன் மேற்கேயுள்ள ஐவரி கோஸ்ட் நாட்டின் கிழக்குப் பகுதியிலும் பரந்து வாழும் மக்கட் கூட்டத்தினர் அக்கான் எனப்படுவர். அசாந்தி, பாந்தி, அக்கியெம், அக்குவாப்பெம், பொனோ முதலிய பல பிரிவினர் இவர்களுள் அடங்குவர். தாய்வழியாகவே குடியையும் உரிமையையும் கணிக்கும் இவர்களிடையே ஒருவர் இறந்தால், அவருடைய இறுதிச் சடங்குக்கு ஊரே திரண்டு வரும். வந்து அமர்ந்திருப்போரின் ஆடைகளை நோக்கினால், சிவப்பு, கறுப்பு, செம்மை கலந்த கபிலம் ஆகிய நிறங்களே எங்கும் தோன்றும். அவ்வாடைகளிற் பலவற்றின்மேல் வட்டங்களும் சுருள்களும் ஏணிகளும் விண்மீன்களும் கரிய மையினால் வரிசை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஆடவர் அத்தகைய பெருந்துணியை உடலிற் சுற்றி இடது தோளின்மேல் இட்டு வருவர். இந்த ஆடைக்கே அடிங்க்ரா என்று பெயர்.

பெயரின் பொருளை ஆராய்ந்தால் ஆடையின் இயல்பு ஒருவாறு விளங்கும். அக்கான் மக்களின் முதன்மையான மொழியாகிய துவி மொழியிலே 'டி ந்க்ரா' என்னுந் தொடர் விடைபெறுதல் என்று பொருள்படும். 'க்ரா' என்பது உயிரைக் குறிக்கும் சொல். மனித உயிர் இவ்வுலகுக்குப் புறப்படும்போது படைத்தோனாகிய ஞாமேயிடம் விடைபெற்று வருகின்றது என்பதும், அவ்வேளையிலே விதிக்கப்பட்டதே அதன் ஊழ் என்பதும் அம்மக்களின் நம்பிக்கை. ஊழைக் குறிக்கும் அவர்களது சொல்லுக்கு, விடைபெற்ற வகை என்பதே நேர்ப்பொருள். ஆகவே பிறப்பு இறைவனிடம் பெறும் விடை. இறப்பு மனிதரிடம் பெறும் விடை. கோல்ட் கோஸ்ட் என வழங்கிய அந்நாட்டின் அறிஞரும் அரசியல் தலைவருமாகிய ஜே. பி. டங்குவா, இறைவனைப் பற்றிய அக்கான் கோட்பாட்டை விளக்கி 1944இல் வெளியிட்ட நூலிலே, இந்த ஆடையின் பெயரை இக்கருத்தோடு தொடர்புபடுத்தினார். இறந்தவரை வழியனுப்ப வருவோர் தம் உடலிலே ஒரு செய்தியை அணிந்து வருகின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் மக்கள் வழக்கிலே இப்பெயருக்கு வேறொரு காரணமும் சொல்லப்படுகின்றது. அது ஓர் அரசனின் வீழ்ச்சியைப் பற்றிய கதை. அசாந்தி நாட்டின் வடமேற்கே ஜியாமான் என்றோர் அரசு இருந்தது. ஒபோக்கு வாரே என்னும் அசாந்தி மன்னன் அதனை ஏறக்குறைய 1740ஆம் ஆண்டளவில் வென்று தன் மேலாணைக்கு உட்படுத்தியிருந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆட்சி செய்தவன் கொபி அடிங்க்ரா. அசாந்தி மக்களுக்கோ பொற்பீடம் என்றொரு புனிதப் பொருள் உண்டு. அந்தப் பீடத்திலே தம் நாட்டின் ஆவி முழுவதும் உறைகின்றது என்று அவர்கள் கருதுவர்; மன்னனும் அதன்மேல் அமர்வதில்லை. அடிங்க்ரா தனக்கும் அதுபோன்றதொரு பொற்பீடத்தைச் செய்வித்தான் என்றும், அதனைப் பொறாத அசாந்தி மன்னன் ஒசெய் பொன்சு படையெடுத்துச் சென்றான் என்றும் கூறுவர். 1818ஆம் ஆண்டிலே தொடங்கிய அப்போரில் அடிங்க்ரா தோல்வியுற்று உயிரிழந்தான்.

தோற்ற அரசன் அணிந்திருந்த சித்திர ஆடையை வென்றோர் எடுத்துச் சென்றனர். சிறைப்பட்ட அவன் மகன் அப்பாவு என்பவன், அசாந்தித் தலைநகராகிய குமாசியை அடுத்துள்ள அசோக்குவா என்னும் ஊரிலே அக்கலையைக் கற்பித்தான். அன்று முதல் அவ்வாடை அடிங்க்ரா எனப் பெயர் பெற்றது. கர்ணபரம்பரையாக வழங்கும் கதை இவ்வாறு முடிகின்றது. பகைவன் பெயரையே தம் துக்க ஆடைக்கு இட்டு அதனை வெற்றியாளர் உடுத்து வருகின்றனர் என்பது கேட்போர் உள்ளத்தைத் தொடும் செய்தி. ஆனால் அது வரலாற்று உண்மையா?

இவ்வினாவுக்கு விடை கூறும் ஒரு துணி இலண்டன் மாநகரிலுள்ள பிரித்தானிய நூதனசாலையிலே இருக்கின்றது. 1817ஆம் ஆண்டில், கேப் கோஸ்ட் கோட்டையிலிருந்த ஆங்கில வணிகக் கழகத்தார் அசாந்தி மன்னனோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் பொருட்டு ஒரு தூதுக் குழுவைக் குமாசிக்கு அனுப்பினர். அக்குழுவிலே சென்ற தோமஸ் எட்வேட் பௌடிச் என்பவர் அங்கு கண்டவற்றை 1819இல் நூலாக வெளியிட்டார். குமாசியிலே அவர் பெற்ற பொருள்கள் 1818ஆம் ஆண்டில் நூதனசாலையைச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, செதுக்கிய சுரைக்குடுவை அச்சுகளாற் குறிகள் பதிக்கப்பெற்ற ஓர் அடிங்க்ரா ஆடை. இன்று உலகில் எஞ்சியிருப்பனவற்றுள் மிகப் பழையதாக அறியப்படுவது அதுவே.

பௌடிச் தம் நூலிலே கூறும் செய்தியும் கவனிக்கத் தக்கது. வடக்கேயுள்ள நாடுகளில் நெய்யப்பட்ட வெண்துணிகளை அசாந்தி மக்கள் துக்க காலத்துக்கெனச் சித்திரந் தீட்டுவர் என்றும், கோழியிறகாலே அவர்கள் தீட்டும் உருவங்கள் தூரத்திலிருந்து பார்க்குமிடத்து அச்சிட்டனபோலத் தோன்றும் அளவுக்கு ஒழுங்காயிருக்கும் என்றும் அவர் எழுதினார். தாம் எழுதும் வேகத்திலேயே ஒருவன் தீட்டுவதைக் கண்டதாகவும் குறிப்பிட்டார். ஆகவே 1817இலேயே குமாசியில் இக்கலை இருந்தது, கைதேர்ந்தவர்களும் இருந்தனர், துக்கத்துக்குரிய ஆடை என்னும் வழக்கமும் நிலைபெற்றிருந்தது. அடிங்க்ரா மன்னனின் போரோ அதற்குப் பின்னரே நிகழ்ந்தது. போரின் விளைவாகக் கலை வந்தது என்னும் கூற்று, காலக் கணக்கிலே தவறிவிடுகின்றது.

எனினும் கதை முழுவதையும் பொய்யென்று தள்ளிவிடுதல் முறையாகாது. நூதனசாலைத் துணி காலத்தைப் பற்றிய கூற்றைத்தான் மறுக்கின்றது. இடத்தைப் பற்றிய கூற்றை அது மறுக்கவில்லை. ஜியாமான் நாடு போருக்கு எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அசாந்தியின் மேலாணைக்கு உட்பட்டிருந்தது. அந்நெடுங்காலத்தில் பொருள்களும் கைவினைஞரும் குமாசிக்கு வருதல் இயல்பே. 1818ஆம் ஆண்டுப் போரிலே சிறைப்பட்ட கைவினைஞர் சிலர் அசோக்குவாவிற் குடியேறி, முன்பே வழங்கிய கலையை வளப்படுத்தியிருத்தலும் கூடும். பல தலைமுறைகளில் மெல்ல மெல்ல நடந்த ஒரு காரியத்தை ஒரே போரோடும் ஒரே அரசனோடும் இணைத்துக் கூறுதல் மக்கள் நினைவின் இயல்பு. அந்நினைவு தேதியைத் தவறவிட்டபோதிலும், வென்றவர் தோற்றவரிடமிருந்து கற்றனர் என்பதை மறைக்காது சொல்லி வந்திருப்பது பாராட்டத் தக்கதே.

கலையின் தோற்றத்தைப் பற்றி ஆராய்வோர் இன்னொரு திசையையும் சுட்டுவர். குமாசியிலும் ஜியாமானிலும் வடநாட்டு முஸ்லிம் வணிகர் பலர் வாழ்ந்தனர். அவர்கள் எழுதிக் கொடுத்த தாயத்துகளை அசாந்தி மன்னரும் படைத் தலைவரும் விரும்பி அணிந்தனர். 1820ஆம் ஆண்டிலே குமாசிக்குச் சென்ற பிரித்தானியத் தூதர் ஜோசப் டுப்புவி, பல நிற மைகளால் அரபு எழுத்துகள் எழுதப்பெற்ற பெரிய வெண்துணியை மன்னன் உடுத்திருந்ததாகக் குறித்துள்ளார். தாயத்துகளில் எழுத்துகளைக் கட்டங்கட்டமாக அமைக்கும் முறைக்கும், அடிங்க்ரா ஆடையைச் சதுரங்களாகப் பகுத்துக் குறிகளைப் பதிக்கும் முறைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். குறிகளுள் ஒன்றின் பெயரும் இவ்வுறவை நினைவூட்டுகின்றது. தீய முஸ்லிம் ஒருவன் இருப்பதனால் நல்ல முஸ்லிமை இனங்காண்பது அரிதாகின்றது என்னும் பழமொழியே அதன் பொருள். போலியினால் மெய்யும் ஐயத்துக்கு உள்ளாகும் என்பது கருத்து.

பௌடிச் கொண்டுசென்ற துணிக்குப் பின் காலத்தாற் பழையதாகக் கருதப்படும் ஆடை ஒல்லாந்து தேசத்தின் லைடன் நகரிலுள்ளது. எல்மினாக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தர் தம் மன்னர் முதலாம் வில்லியத்துக்கென 1825ஆம் ஆண்டிற் பெற்றது அது. அதன் நடுவே ஒல்லாந்தின் அரச இலச்சினை விளங்குகின்றது. அயல்நாட்டு அரசனுக்குரிய ஆடையிலே அவனுடைய சின்னத்தையே அமைத்துக் கொடுக்கும் ஆற்றல் அக்காலக் கைவினைஞருக்கு இருந்தமை இதனாற் புலப்படும்.

வேறொரு பழைய ஆடைக்குத் துயர வரலாறு உண்டு. 1896ஆம் ஆண்டு தை மாதத்திற் பிரித்தானியப் படை குமாசியுட் புகுந்தது. மன்னர் அஜிமான் பிரெம்பேயும் அவருடைய தாயாரும் சுற்றத்தாரும் சிறைசெய்யப்பட்டனர். அவர்கள் முதலிற் சியரா லியோனுக்கும், பின்னர் 1900இல் இந்து சமுத்திரத்திலுள்ள சீஷெல்ஸ் தீவுகளுக்கும் நாடுகடத்தப்பட்டனர். 1924ஆம் ஆண்டிலேதான் பிரெம்பே தாய்நாடு திரும்ப முடிந்தது. அவர் சிறைப்பட்ட ஆண்டில் அவருடையதாகக் கொண்டுசெல்லப்பட்ட அடிங்க்ரா ஆடை ஒன்று இப்பொழுது வாஷிங்டன் நகரின் ஆபிரிக்கக் கலை நூதனசாலையில் இருக்கின்றது. விடைபெறுதலைக் குறிக்கும் ஆடை, விடைபெற வாய்ப்பளிக்கப்படாத மன்னனை இழந்து கடல் கடந்தது.

இனி, இவ்வாடை எங்ஙனம் செய்யப்படுகின்றது என்பதைக் காண்போம். குமாசியிலிருந்து வடகிழக்கே மம்பொங் செல்லும் பாதையில் இந்தொன்சோ என்னும் ஊர் உண்டு. அசோக்குவாவைப் போலவே இவ்வூரும் அடிங்க்ராத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. முதலிலே துணிக்கு நிறமூட்டுவர். மரவேரின் பட்டையிலிருந்து பெறும் செங்கபிலச் சாயந் தோய்த்த துணி குந்துன்குனி எனப்படும், செந்நிறத் துணி கொபெனே, கருந்துணி பிரிசி. இவை துக்கத்துக்கு உரியவை. வெண்துணியிலோ ஒளிமிக்க நிறத் துணியிலோ அச்சிட்டால் அது ஞாயிற்றுக்கிழமை அடிங்க்ரா எனப் பெயர் பெற்று மகிழ்ச்சியான நாள்களுக்கு உரியதாகும். முற்காலத்தில் உள்நாட்டிலே நெய்த துணியே பயன்பட்டது. பின்னர் ஆங்கில ஆலைத் துணி மிகுந்தது. அதற்கு முன்னரே ஐரோப்பிய வணிகர் சோழமண்டலக் கரையில் நெய்வித்த பருத்தித் துணிகளை மேற்கு ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுசென்று விற்று வந்தனர். தமிழ்நாட்டுத் தறிகளுக்கும் அக்கரைச் சந்தைகளுக்கும் அவ்வகையில் ஒரு தொடர்பு இருந்தது.

அச்சிடும் மைக்கு 'அடிங்க்ரா மருந்து' என்று பொருள்படும் பெயரை வைத்துள்ளனர். பாடீ என்னும் மரத்தின் பட்டையை நீரில் ஊறவைத்து, உரலிலிட்டு இடித்து, பெரிய பாத்திரங்களிலே நெடுநேரம் காய்ச்சுவர். சாற்றை வடித்தெடுத்து, இரும்புக் கிட்டத் துண்டுகளைச் சேர்த்து மீண்டும் காய்ச்சுவர். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஒன்றுசேரச் சாறு கறுத்துத் தடித்துத் தார்போல ஆகும். துணியிற் பதிந்து காய்ந்தபின் அது மினுமினுக்கும் கருமையுடன் விளங்கும்.

அச்சு செய்வதற்குரிய பொருள் முற்றிய சுரைக்குடுவையின் ஓடு. ஓட்டுத் துண்டிலே உருவத்தைச் செதுக்கி, அதன் பின்புறத்தில் மூங்கிற் சிம்புகள் சிலவற்றைப் பொருத்தி, அவற்றின் நுனிகளை ஒன்றாகக் கட்டிக் கைப்பிடியாக்குவர். ஓடு வளைவானது, ஆதலின் அதனைத் துணியின்மேல் ஒரே அழுத்தாக அழுத்துவதில்லை. ஒரு விளிம்பில் வைத்து மறு விளிம்புவரை மெல்ல உருட்டி எடுப்பர். இதனால் உருவம் முழுவதும் சீராகப் பதியும். துணியை நிலத்திலே மெத்தைபோன்ற விரிப்பின்மேல் இழுத்துக் கட்டி, பல பற்களுள்ள மரச் சீப்பை மையில் தோய்த்து நீண்ட கோடுகளை இழுத்துச் சதுரங்களாகப் பகுப்பர். பின்பு ஒவ்வொரு சதுரத்துள்ளும் ஒவ்வொரு குறியை நிறையப் பதிப்பர். அளவுகோலின்றிக் கண்மதிப்பாலேயே வரிசைகள் நேராக அமையும். துணித் துண்டங்களைப் பல நிற நூல்களால் இணைத்துத் தைக்கும் வழக்கமும் உண்டு. கரிய துணியினிடையே அவ்விணைப்புகள் வானவிற் கோடுகள்போல ஓடும்.

குறிகளே இவ்வாடையின் உயிர். 1927ஆம் ஆண்டிலே அசாந்தி மக்களின் சமயத்தையும் கலையையும் பற்றி நூல் வெளியிட்ட ஆர். எஸ். றட்றே என்னும் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் 53 குறிகளைப் படத்துடன் தொகுத்தளித்தார். பின்வந்தோர் நூற்றுக்கணக்கானவற்றைத் திரட்டியுள்ளனர். விலங்கு, பறவை, செடி, விதை, வீட்டுப் பொருள், படைக்கலம், அரண்மனைப் பணியாளரின் முடியலங்காரம், வானத்துச் சுடர் என உலகிலுள்ள பலவும் குறிகளாகியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு பழமொழியைத் தம்முள் அடக்கியவை.

ஏணி வடிவான குறி சாவின் ஏணி. அந்த ஏணியில் ஒருவர் மாத்திரம் ஏறுவதில்லை, எல்லோரும் ஏறவேண்டும் என்பது அதன் கருத்து. துக்க வீட்டிற்கு அதனை அணிந்து செல்பவர், இறந்தவருக்கு இரங்குவதோடு தம் முறையையும் ஒப்புக்கொள்கின்றார். 'ஜெ ஞாமே' என்னும் குறி 'இறைவனையன்றி' என்று பொருள்படும். படைப்பின் தொடக்கத்தைக் கண்டாரும் அதன் முடிவைக் காணப்போவாரும் மனிதருள் இல்லை. அது இறைவனுக்கே உரியது என்பர். விண்மீன் வடிவான குறிக்கு வானத்தின் குழந்தை என்று பெயர். அது தன்னைத் தான் நம்பி நில்லாது இறைவனைச் சார்ந்து நிற்பது.

ஒரே வயிற்றையுடைய இரட்டை முதலைகள் வேறொரு குறி. உண்பது ஒரே வயிற்றுக்கே சென்றாலும், சுவைப்பது தன் தொண்டையாக வேண்டும் என்று அவை தம்முட் சண்டையிடுகின்றன. குடும்பத்திலும் அரசிலும் பங்குக்காகப் போரிடுவோருக்கு இதனினும் கூரிய உவமை கிடைப்பது அரிது. கோழியின் பாதமும் ஒரு குறி. தாய்க்கோழி குஞ்சை மிதிக்கும், ஆனால் கொல்லாது. பெற்றோரின் கண்டிப்பு அத்தகையது. எதிரெதிரே அமைந்த ஆட்டுக்கடாக் கொம்புகள் வலிமையோடு கூடிய பணிவைக் குறிக்கும். ஒன்றினுள் ஒன்றாக அமைந்த மூன்று வட்டங்கள் அடிங்க்ராக்களின் தலைவன் எனப்படும். வடிவத்தில் மிக எளிய அதுவே பெருமையிற் முதன்மையானது.

தலையைப் பின்புறந் திருப்பி முதுகின்மேலுள்ள முட்டையை எடுக்கும் பறவையின் உருவம் சங்கோபா எனப்படும். மறந்து விட்டுவந்ததைத் திரும்பிச் சென்று எடுத்தல் குற்றமன்று என்பது அதன் பொருள். இதே குறி இதய வடிவான இரு சுருள்களாகவும் எழுதப்படும்.

இக்குறிகளை எழுத்துகள் எனக் கொள்ளலாமோ? வெளிநாட்டார் பலர் அவ்வாறு எண்ணி, ஆடையைப் புத்தகம்போல இடமிருந்து வலமாகப் படிக்க முயன்றதுண்டு. அது பொருந்தாது. குறிகள் ஒலியைக் காட்டுவன அல்ல. ஒன்றையடுத்து ஒன்று நின்று வாக்கியமாவதும் இல்லை. பழமொழியை முன்பே அறிந்தவனுக்கு அதனை நினைவூட்டுவதே குறியின் தொழில். அறியாதவனுக்கு அது வெறுஞ் சித்திரம். மேலும் ஒரே உருவம் ஓரூரில் ஒரு பெயராலும் வேறூரில் வேறு பெயராலும் வழங்கும். அணிபவர், இறந்தவரோடு அவருக்குள்ள உறவு, நிகழ்ச்சி, துணியின் நிறம் ஆகிய யாவும் சேர்ந்தே பொருளை நிறைவுசெய்யும். இதனாலேதான் குறிக்கு ஒரு பொருள் என்று அட்டவணையிட்டுக் கூறுவது மேலெழுந்தவாரியான அறிவாகவே முடிகின்றது.

அத்தகைய அறிவின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் ஏற்பட்டது. 1991ஆம் ஆண்டிலே நியூ யோர்க் நகரில் அரசாங்கக் கட்டடம் ஒன்றுக்கு அத்திவாரம் இடத் தோண்டியபோது, பதினெட்டாம் நூற்றாண்டிலே ஆபிரிக்கரைப் புதைத்த இடுகாடு வெளிப்பட்டது. நானூறுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் அங்கே கண்டெடுக்கப்பட்டன. ஒரு பெட்டியின் மூடியிலே இரும்பாணிகளால் இதயம்போன்ற வடிவம் அமைக்கப்பட்டிருந்தது. அது சங்கோபாக் குறியே என்று ஆய்வாளர் சிலர் கூறினர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அதனைத் தம் முன்னோர் அனுப்பிய செய்தியாக ஏற்றுக்கொண்டனர். பின்வந்த ஆய்வாளர் சிலரோ, அக்குறி பதினெட்டாம் நூற்றாண்டில் வழங்கியதற்குச் சான்று இல்லை என்றும், இதய வடிவம் அக்கால அமெரிக்கச் சவப்பெட்டிகளுக்கும் பொதுவானது என்றும் ஐயுற்றனர். அந்தப் பெட்டியுள் உறங்கியவரின் கருத்தை இனி ஒருவரும் கேட்டறிய இயலாது. ஆயினும், பறிக்கப்பட்ட வரலாற்றைத் திரும்பிச் சென்று எடுக்கும் உரிமை தமக்கு உண்டு என்று அம்மக்கள் கூறியதற்கு சங்கோபாவே பெயர் கொடுத்தது. 2006இல் அவ்விடம் தேசிய நினைவிடமாயிற்று.

கானா நாட்டிலே குறிகள் துணியை விட்டு வெளியே வந்து நெடுங்காலமாயிற்று. 1948இல் நிறுவப்பெற்று இன்று கானாப் பல்கலைக்கழகமாக விளங்கும் கல்வி நிலையத்தின் இலச்சினையிலே பன்னம் எனப்படும் செடியின் குறியும் ஆட்டுக்கடாக் கொம்பும் உள்ளன. கோவிற் சுவர்களிலும் நாற்காலிகளிலும் வாகனங்களிலும் 'ஜெ ஞாமே' காட்சியளிக்கின்றது. புதுக் குறிகளும் பிறந்தன. வர்த்தகக் கம்பனி ஒன்றின் மின்விளக்குகளே ஒரு குறியாயின. மரபு என்பது மூடிய பெட்டியன்று என்பதைக் கைவினைஞரே காட்டியுள்ளனர்.

அதே வேளையில் அயல்நாட்டு ஆலைகள் இக்குறிகளைப் பல்லாயிரம் முழத் துணியில் மலிவாக அச்சிட்டு விற்கத் தொடங்கின. பட்டையை இடித்து மை காய்ச்சுபவனின் உழைப்புக்கு அத்துணி போட்டியாயிற்று. கானா அரசாங்கம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நாட்டார் கலைகளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிக்க முனைந்தது. பின்னைய சட்டத்தின்படி அவ்வுரிமை மக்கள் பொருட்டு நாட்டின் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. எனினும் ஒரு நாட்டின் சட்டம் மறுநாட்டு ஆலையின் வாயிலோடு நின்றுவிடுகின்றது. ஜியாமானுக்கும் அசாந்திக்கும் பொதுவான ஒரு கலை எந்த நாட்டின் சொத்து என்னும் வினாவும் எழாமலில்லை. ஏனெனில் பழைய ஜியாமானின் நிலம் இன்று இரு நாடுகளுக்கிடையே பிரிந்து கிடக்கின்றது.

இந்தொன்சோவிலே இன்றும் சுரைக்குடுவை ஓட்டிற் செதுக்கிய அச்சுகள் உள்ளன. திரையச்சு முறையும் அங்கு புகுந்துவிட்டது. வருவோருக்குக் கைவினைஞர் குறிகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பர். வந்தவர்களும் ஒரு துண்டுத் துணியிலே பதித்து எடுத்துச் செல்வர். ஆயினும் ஊரிலே ஒரு பெரியவர் மறைந்தால், பெட்டியிலிருந்து குந்துன்குனி எடுக்கப்படுகின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பௌடிச் கண்டபோது எந்தப் பணிக்கு அத்துணி பயன்பட்டதோ, அந்தப் பணியை அது இன்னும் செய்துவருகின்றது.